விட்டுப்போனவற்றை முதலில் பட்டியல் போடுங்கள்

கேள்வி: எனக்கு 28 வயது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். 2022 கடைசியில் வெளியூருக்குத் தணிக்கைக்காகப் போயிருந்தபோது, தங்கியிருந்த விடுதியில் என் மேலதிகாரி என்னைப் பலாத்காரம் செய்தார். நான் கத்தவில்லை, தள்ளவில்லை. கட்டை மாதிரிக் கிடந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல்தான் கோபம் வருகிறது. அந்த வாரமே அக்காவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொன்னேன். வேலையை விட்டேன். ஆறு மாதம் கழித்து அம்மாவுக்குத் தெரிந்தது. “யாரிடமும் மூச்சு விடாதே, பரிகாரம் செய்தால் சரியாகிவிடும்” என்றார். கல்லூரியில் பூப்பந்து அணியில் ஆடியவள் நான். இப்போது மட்டையைத் தொடுவதில்லை. ஸ்கூட்டி ஓட்டுவதில்லை. இடுப்புவரை இருந்த முடியை வெட்டிவிட்டேன். ஷேவிங் லோஷன் வாசனை வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறேன். தூக்கத்துக்காக ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அல்பிரசோலத்தை இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறேன். சில இரவுகளில் ‘இருந்து என்ன’ என்று தோன்றும். இப்போது வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? கண்ணாடியில் தெரிவது யார் என்றே புரியவில்லை. பழைய நான் திரும்பி வருவேனா?

பதில்: போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, ‘இருந்து என்ன’ என்று, முதலில் அதைப் பேசிவிடுவோம். அந்த எண்ணம் வந்து போவது ஒரு நிலை. எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடத் தொடங்குவது வேறு நிலை. இரண்டாவது நிலைக்கு வந்தால் அந்த இரவு தனியாக இருக்கக் கூடாது. அக்காவை எழுப்புங்கள். அல்லது 14416-க்கு அழையுங்கள். இது மனநல உதவிக்கான மத்திய அரசின் டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆபத்து உடனடியாக இருந்தால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் அல்பிரசோலம் அட்டைகளை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு உண்டானதை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். இந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பது உயிரைக் காக்கும்.

அடுத்து, “கட்டை மாதிரிக் கிடந்தேன்” என்பது. தப்பவும் முடியாது, சண்டையிடவும் முடியாது என்று மூளை கணித்துவிட்டால் உடலை அசையவிடாமல் நிறுத்திவிடும். குரல் எழாது. கைகால் கேட்காது. நடப்பது தெரியும், ஆனால் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல் இருக்கும். யோசித்து எடுக்கிற முடிவு அல்ல இது. கண்ணுக்கு நேரே எதாவது வந்தால் இமை மூடுவதைப்போல அனிச்சையாக நடப்பது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கென்று இருக்கும் அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்துபோயிருந்தார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகத் தீவிரமாக இருந்தது. அப்படி உறைந்துபோனவர்களுக்கு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பி.டி.எஸ்.டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயும் மன அழுத்தமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. நீங்கள் இத்தனை நாள் மீள முடியாமல் தவிப்பதற்கும் அன்று உறைந்துபோனதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவில் 2013-இலேயே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது.

கடிதத்தை வைத்து நோயைக் கணிக்க முடியாது, கணிக்கவும் கூடாது. ஆனால் வாசனைக்கே உடல் பதறுவது, தூக்கமின்மை, தவிர்ப்பு, தன்மேல் வெறுப்பு ஆகிய நான்கும் மூன்று வருடமாகச் சேர்ந்திருந்தால் எந்த மனநல மருத்துவரும் முதலில் பி.டி.எஸ்.டி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, வன்புணர்வுக்கு ஆளான பெண்களை வாராவாரம் தொடர்ந்து கவனித்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் 94 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 சதவீதமாகக் குறைந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனம் தானாக ஆறத் தொடங்குகிறது, மீதிப் பேருக்கு எங்கோ தடைபட்டு நின்றுவிடுகிறது. தடை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று தவிர்ப்பு. மற்றொன்று, ‘என் தப்புதான்’ என்பதுபோல் நடந்ததற்கு நாமே எழுதிக்கொண்ட விளக்கம். நேரம் ஆற்றும் என்பார்கள். இந்த இரண்டையும் தொடாமல் விட்டால் வெறும் நேரம் ஆற்றாது.

கண்ணாடியில் தெரிவது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வேலையை விட்டேன், பூப்பந்தை விட்டேன், ஸ்கூட்டியை விட்டேன், பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். ‘நான்’ என்று நீங்கள் நினைத்திருந்த ஆள் இந்தச் செயல்களில்தான் இருந்தாள். ஒவ்வொன்றையும் விட்டபோது அந்தக் கணத்தில் நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதியே ‘விட்டது சரிதான், அது ஆபத்து’ என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்தது. அடுத்ததையும் விட வைத்தது. அடையாளம் போய்விட்டது என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இப்படித் தவணை முறையில் போனதுதான். போன வழி தெரிந்தால் திரும்ப வாங்கும் வழியும் தெரியும். பழைய ஆள் அச்சு மாறாமல் வருவாள் என்று நான் சொல்லப்போவதில்லை, 25 வயது ஆள் 28-இல் யாருக்குமே அப்படி வருவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவு மறுபடி உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு முறை இருக்கிறது.

ஒரு நோட்டில், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு விட்டவை, சுற்றிப்போகிறவை, யாராவது துணைக்கு இருந்தால்தான் செய்கிறவை எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்னதாகத் தோன்றுவதையும் விடாதீர்கள்: குளியலறைத் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்ப்பது, ஒரு குறிப்பிட்ட நிறச் சுடிதாரை அலமாரியின் அடியில் போட்டது, லிஃப்டில் ஆண் இருந்தால் படி ஏறுவது. இருபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். அதைச் செய்யப்போவதாக நினைத்தால் எவ்வளவு பயம் வருகிறது என்பதுதான் மதிப்பெண். 100 என்றால் தாங்கவே முடியாதது. பிறகு மதிப்பெண் வரிசையில் மாற்றி எழுதுங்கள்.

தொடக்கம் 30, 40 மதிப்பெண்ணில் இருப்பதிலிருந்து. மட்டையை எடுத்து வைத்துக்கொள்வது 30 என்றால் அதுதான் முதல் படி. ஆடுகளத்துக்கு வெளியே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்ப்பது 45 இருக்கலாம், தெரிந்த பெண்களோடு ஆடுவது 60. ஒரு படியில் இறங்கினால் பயம் ஏறும். ஏறியதும் ஓடிவிடாமல் அங்கேயே இருக்க வேண்டும். பயம் பாதியாகக் குறையும்வரை இருங்கள். பொதுவாக 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும். அதே படியை வாரத்தில் நான்கைந்து நாள் செய்து, தொடக்கத்திலேயே பயம் 20-க்குக் கீழே வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

இதில் தவறுகிற இடங்கள் வழக்கமாக ஒன்றுபோலவே இருக்கும். உற்சாகத்தில் முதல் நாளே 80-க்குத் தாவுவார்கள், தாங்காமல் ஓடிவந்து ‘எனக்கு இது ஒத்துவராது’ என்று முடித்துவிடுவார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பிவிடுவது இன்னும் மோசம், மூளை பழைய பாடத்தையே ஒரு முறை கூடப் படித்துக்கொள்கிறது. வேறு சிலர் படியில் நிற்பார்கள், ஆனால் காதில் ஹெட்போன், கையில் அக்காவின் விரல், வாய்க்குள் எண்ணிக்கை. அப்படிச் செய்தால் பாதுகாத்தது ஹெட்போன்தான் என்று மூளை எழுதிக்கொள்ளும். முதல் இரண்டு முறை துணைக்கு ஆள் இருக்கட்டும், பிறகு அதையும் கழற்றிவிட வேண்டும். பயத்தை அடக்கவென்று கூடுதலாக மாத்திரை போட்டுக்கொண்டு படியில் இறங்கினாலும் இதே கோளாறு: அல்பிரசோலம் பயத்தை மழுங்கடிப்பதால் புதிய பாடம் பதியாது.

பட்டியலில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். உண்மையிலேயே ஆபத்தானவை அதில் வரக் கூடாது. அந்த ஆளைப் போய்ப் பார்ப்பது தைரியப் பயிற்சி கிடையாது. இரவு 11 மணிக்கு ஆளில்லாத சாலையில் நடப்பதும் கிடையாது. மற்ற பெண்கள் சாதாரணமாகச் செய்கிறார்கள், நீங்களும் முன்பு செய்தீர்கள் என்பவை மட்டும். ஷேவிங் லோஷன் வாசனையைப் பட்டியலில் 70-க்கு மேல் வைத்து, சிகிச்சையாளரோடு செய்யுங்கள். மூக்கு வழி வரும் நினைவு எச்சரிக்கை இல்லாமல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் திரும்ப வளர்த்தே ஆக வேண்டும் என்று பட்டியலில் எழுதாதீர்கள். ‘இது எனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் குட்டை முடி உங்களுடையதே.

திடீரென்று அந்த அறைக்குள்ளேயே போய்விட்டதுபோல் ஆகும் கணங்களுக்குத் தனி உத்தி வேண்டும். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், தொட முடிகிற நான்கைத் தொடுங்கள், கேட்கும் மூன்று ஒலிகள், இரண்டு வாசனைகள், ஒரு சுவை. இன்றைய தேதியையும் இருக்கும் ஊரையும் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை நனைக்கலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்: நாலு எண்ணும்வரை இழுத்தால் ஆறு, ஏழு எண்ணும்வரை விடலாம். கண்ணை மூடித் தியானம் செய், எல்லாம் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்களில் சிலருக்குக் கண்ணை மூடினால்தான் காட்சிகள் கூடுதலாக வரும். அப்படி வந்தால் தியானம் தோற்றதாகவும் நீங்கள் தோற்றதாகவும் எண்ண வேண்டாம், நிறுத்திவிடுங்கள். யோகா வகுப்பென்றால், ஆசனத்தைத் திருத்த என்னைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

‘என் தப்புதான்’ என்ற விளக்கத்துக்குப் பட்டியல் போதாது, எழுத்துப் பயிற்சி வேண்டும். வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்காகவே அமெரிக்காவில் பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய சிகிச்சை முறை ஒன்று உண்டு. சி.பி.டி (CPT, Cognitive Processing Therapy) என்பார்கள், 12 அமர்வுகள். மனம் எந்த வாக்கியத்தில் சிக்கி நிற்கிறதோ அதைப் பிடித்து, ஆதாரத்தோடு விசாரிப்பதுதான் அதன் உயிர். உங்கள் வாக்கியம், ‘அந்த ஊருக்கு அவரோடு போயிருக்கவே கூடாது’ என்பதாக இருக்கலாம். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், அன்று மாலை ஆறு மணிக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தவை: அலுவலக வேலை, அவர் மேலதிகாரி, தனித்தனி அறை. வலப்பக்கம், அன்றிரவுக்குப் பிறகுதான் தெரிய வந்தவை. வலப்பக்கத்து விவரத்தை வைத்துக்கொண்டு இடப்பக்கத்துப் பெண்ணுக்குத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள் என்பது தாளில் பார்த்தால் தெரியும். அடுத்து மூன்று கேள்விகள். இப்படி நடக்க வேண்டும் என்று விரும்பியது யார்? நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தது யாருக்கு? நிறுத்தும் சக்தி யாரிடம் இருந்தது? மூன்றுக்கும் விடை ஒரே ஆள். போயிருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும் என்ற வருத்தம் நியாயமானது, அதை யாரும் எடுக்க முடியாது. வருத்தம் வேறு, குற்றம் வேறு.

இங்கேதான் பரிகாரம் எனக்கு இடிக்கிறது. கோயிலுக்குப் போவதில் உங்களுக்கு நிம்மதி கிடைத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் தோஷம் கழிக்க என்று உங்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்தால், தோஷம் உங்களிடம் இருப்பதாகத்தான் மனம் கேட்டுக்கொள்ளும். பரிகாரம் செய்ய வேண்டிய ஆள் வேறு. அம்மாவிடம் சண்டை போடாமல் இதைச் சொல்ல முடியும்: “அம்மா, சாமி கும்பிட வர்றேன். பரிகாரம் மட்டும் வேண்டாம், அதுல உட்கார்ந்தா நான் தப்பு பண்ணின மாதிரி இருக்கு.” அவர் மூச்சு விடாதே என்றதும் பெரும்பாலும் பயத்தில்தான். தெரிந்தால் ஊர் உங்களை என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் ‘என்னைப் புரிந்துகொள்’ என்று மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது. செய்யக்கூடியதாகக் கேளுங்கள்: சிகிச்சைக்குப் போகும் நாளில் ஏன், எங்கே என்று கேட்கக் கூடாது, வரன் பேச்சை ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும், இரவில் பயந்து எழுந்தால் அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.

மருந்துக்கு வருவோம். இரண்டு வருடம் தினமும் போட்ட அல்பிரசோலத்தை இதைப் படித்த வேகத்தில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முற்றாகப் போகும், படபடப்பு வரும், வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குறைப்பார். பி.டி.எஸ்.டி-க்கு இந்த வகை மாத்திரைகள் பயன்தருவதில்லை, பழக்கம் மட்டும் மிஞ்சும். இந்த நோய்க்குப் பயன் உறுதியானவை செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்றவை. அவை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டலும் பதற்றமும் வரலாம், அத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கெட்ட கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. மிகக் கொடூரமான கனவை எடுக்க வேண்டாம், நடுத்தரமான ஒன்றை எழுதுங்கள். அதன் போக்கை எங்காவது மாற்றி, புதிதாக முடித்து எழுதுங்கள். கதவு திறந்து அக்கா உள்ளே வரட்டும், அறை ஆடுகளமாக மாறட்டும், எதுவானாலும் சரி. மாற்றி எழுதியதைப் பகலில் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள், தினமும். படுக்கப் போகும் முன் வேண்டாம். சில வாரங்களில் பலருக்குக் கனவு வரும் எண்ணிக்கை குறையும்.

உடல் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இப்போதும் செய்யலாம். இத்தனை காலத்துக்குப் பின் எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி வகை, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்தால் அந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை முடிவு தெளிவாகிவிடும். எச்.ஐ.வி சோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம், ரகசியமும் காக்கப்படும். மகளிர் மருத்துவரிடம் உள்பரிசோதனைக்குப் போகும்போது, “எனக்கு ஒரு மோசமான அனுபவம் இருக்கிறது, நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும், ஒவ்வொன்றும் செய்யும் முன் சொல்லுங்கள்” என்று முதலிலேயே கேளுங்கள். சிறிய கருவி பயன்படுத்தச் சொல்லலாம், அக்காவை உள்ளே வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இனி மாப்பிள்ளை. சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கு நேர்ந்தது ஒரு குற்றம், அதை மறைத்தீர்கள் என்று உங்களை யாரும் குற்றவாளி ஆக்க முடியாது. என் யோசனை, சிகிச்சை தொடங்கி ஆறு மாதமாவது போன பிறகு வரன் பேச்சை எடுங்கள். சொல்வது என்று முடிவெடுத்தாலும் பெண் பார்க்கும் கட்டத்தில், இரு வீட்டார் வழியாகச் சொல்லாதீர்கள். அவர் வேறு விஷயங்களில் எப்படி இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்றதை மறுபடி கேட்கிறாரா, நண்பர்களின் ரகசியங்களை உங்களிடம் அவிழ்க்கிறாரா, கோபம் வந்தால் என்ன பேசுகிறார். இதில் தேறினால் நேரில், இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம்: “சில வருடம் முன்பு என் சம்மதம் இல்லாமல் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். அதற்குச் சிகிச்சை எடுத்துவருகிறேன், நெருக்கம் என்று வரும்போது எனக்கு நேரம் வேண்டும்.” யார், எங்கே, எப்படி என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். “நீ ஏன் அங்கே போனாய்” என்பது அவருடைய முதல் கேள்வியாக இருந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமலே திருமணம் செய்தாலும், ‘நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், அவசரம் கூடாது’ என்ற பேச்சு மட்டும் முன்பே நடந்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் உடல் பழைய நினைவில் மறுபடி உறைந்துபோகலாம். அது தெரியாதவர் உங்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். உறவின்போது தசை இறுகி வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபியில் அது பெரும்பாலும் குணமாகும். கன்னித்தன்மையைப் பரிசோதித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடத்திவந்த இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது, 2022-இல் அதைச் செய்கிறவர்களின் செயல் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றது. அப்படி ஒரு சோதனையைக் கேட்கும் சம்பந்தம் அன்றே முறியட்டும்.

புகார் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை வற்புறுத்தவும் மாட்டேன், புகார் கொடுத்தால்தான் மனம் ஆறும் என்பதும் உண்மையில்லை. ஆனால் வாய்ப்பு போய்விட்டது என்று நினைத்து விட்டிருந்தால் அது சரியல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் கீழ் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகும் காலக்கெடு மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் மூன்று. அது முடிந்துவிட்டது. வன்புணர்வுக்கான குற்ற வழக்குக்குக் காலவரம்பே கிடையாது. சம்பவம் நியாய சன்ஹிதா அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் பழைய தண்டனைச் சட்டத்தின் 376-ஆம் பிரிவு பொருந்தும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை தங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் வாக்குமூலம் பதிய வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அக்காவுக்கு அந்த வாரமே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒரு நல்ல ஆதாரம். முடிவெடுக்காவிட்டாலும் அதை அழிக்காதீர்கள். இருவரும் போனை மாற்றும்போது தேதியோடு காப்பு எடுத்து வையுங்கள். விடுதி ரசீது, பயணச்சீட்டு, ராஜினாமா மின்னஞ்சல், மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். போலீசுக்குப் போகும் முன் யோசனை கேட்க மகளிர் உதவி எண் 181, இலவச வழக்கறிஞருக்குச் சட்ட உதவி எண் 15100.

பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் வெறும் பயமில்லை. பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலேயே பெயர் வந்தது, அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. இரண்டிலும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பூட்டின் சாவி பெண்ணிடமே இருக்கிறது. கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் வன்புணர்வு வழக்கில் ஒரு தெருவின் பெயராலேயே அழைக்கப்பட்டுவந்த சுசெட் ஜோர்டன், 2013-இல் தன் பெயரையும் முகத்தையும் தானே வெளிப்படுத்தினார். அவரைப்போல் செய்யத்தான் வேண்டும் என்றில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லாமலிருப்பதும் அதே உரிமைதான்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நடந்து சில மணி நேரமோ சில நாளோ ஆகியிருந்தால்: அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் போலீஸ் புகார் இல்லாமலே இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாள்வரை காப்பர் டி பலன் தரும். தடயங்கள் எடுக்க ஏறக்குறைய நான்கு நாள்வரை வாய்ப்பு உண்டு, குளித்துவிட்டாலும் போங்கள். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கித் தடயம் கெடும். கரு தங்கிவிட்டால் 24 வாரம்வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

சிகிச்சையாளரை எப்படித் தேர்வது? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், அல்லது மனநல மருத்துவர். பணம் தடையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். போனிலேயே கேளுங்கள்: “பி.டி.எஸ்.டி-க்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள்?” சி.பி.டி, நினைவையும் தவிர்ப்பையும் படிப்படியாக எதிர்கொள்ளும் நீண்ட வெளிப்பாட்டு சிகிச்சை, கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர் ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் சரியான இடம். பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். முதல் நாளே சம்பவத்தை விலாவாரியாகச் சொல்லச் சொன்னால், என்ன உடை என்று கேட்டால், மன்னித்துவிடு என்றால், கல்யாணம் ஆனால் சரியாகும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

முதல் சந்திப்புக்கு அந்த நோட்டை, மாத்திரைச் சீட்டை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் குறித்த தாளை எடுத்துப்போங்கள். ‘இருந்து என்ன’ என்ற எண்ணத்தை இந்த முறை முதல் வரியாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு அமர்வு, மொத்தம் 8 முதல் 15 வரை ஆகும். தொடங்கிய மூன்று, நான்கு வாரத்தில் கனவும் பதற்றமும் கொஞ்சம் கூடியதுபோல் இருக்கலாம், மூடி வைத்ததைத் தொட்டதால் வருவது. சரியாக அந்த நேரத்தில் அன்றைக்குத் தலைவலி வரும், மழை வரும், வீட்டில் வேலை வரும். தவிர்ப்பு அப்படித்தான் காரணம் தேடும். ஆகவே முதல் நாளிலேயே ஆறு வாரத் தேதிகளையும் எழுதி வாங்கி, ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.